பறவையை ஓட்டியவன்

தம்பி வாயைத் திறந்தால் இன்னும் வெளிவராத கேம்களைப் பற்றித்தான் பேசுவான். வெளிவந்தவற்றைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் விளையாடிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் ஏது? வயது முப்பத்தைந்து. பகல் முழுக்க அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின்களின் வயிற்றைத் திறந்து, சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருப்பான். மாலையானால் வீட்டின் சின்ன அறையில், சுவரில் ஒட்டிய கறுப்பு ஸ்பாஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து, உலகத்துக் கேம் கம்பெனிகளுக்கெல்லாம் புத்தி சொல்வான். எந்தக் கம்பெனியும் கேட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் பன்னிரண்டாயிரம் பேர் அவன் சேனலைப் பார்க்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டாயிரம் பேரும் விரும்பிப் பார்க்கிறவர்கள். பார்த்தே தீர வேண்டியவள் ஒருத்திதான், அக்கா. வீடியோ போட்ட அரை மணி நேரத்தில் அவளுக்குப் போன் வரும். "பாத்தியா? முழுசா பாத்தியா?" என்பான். அவள் முழுசாகப் பார்க்கவில்லை என்றால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவான், அதற்கு மட்டும் அவனுக்கு அப்படி ஒரு மூளை.

அக்கா வேலை செய்வது கண்ணாடிக் கடையின் பின்கட்டில். லென்ஸை பிரேமின் அளவுக்குச் செதுக்கும் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கண் வேலையில் இருக்க வேண்டும், காது சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காதைத்தான் தம்பி ஆறு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தான்.

"மேப்பை பெருசாக்கிட்டே போறாங்க," என்பான். "குதிரை மேல ஏறி நாப்பது நிமிஷம் போனா ஒரு மரம் வருது. மரத்தடியில ஒரு ஆள், 'என் ஆட்டைக் காணோம்'ங்கிறான். இதுக்கா நான் வேலைய முடிச்சிட்டு வந்து உக்காந்தேன்?"

இன்னொரு நாள், "பாதி செஞ்ச கேமை வித்துட்டு மிச்சத்தை அப்புறம் அனுப்புறோம்ங்கிறான். நான் ஒரு மெஷினை பாதி ரிப்பேர் பண்ணி மூடிட்டு, கறுப்பு இப்ப வரும், எழுத்து அடுத்த சீசன்ல வரும்னு சொன்னா என்னை உயிரோட விடுவாங்களா?" என்பான். அக்காவுக்குச் சிரிப்பு வந்து கை ஆடிவிடும். ஒரு தடவை அப்படித்தான் ஒரு வாத்தியாரம்மாவின் லென்ஸ் ஓரத்தில் சில்லு தெறித்து, முதலாளியம்மாவிடம் அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குரல் கொடுக்கும் ஆட்களை அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரையே பேசவிடுவதைத் திட்டுவான். சட்டை மாற்றிக்கொள்ளக்கூடத் தனியாகக் காசு கேட்கும் கேம்களைத் திட்டுவான். அடுத்த வருஷம் வரப்போகும் மீன்பிடி கேமில் நானூறு வகை மீன் என்று அறிவித்ததற்கு, "எனக்கு நாலு போதும், தூண்டிலை ஒழுங்கா செய்," என்று இருபது நிமிஷம் பேசினான். எல்லாவற்றையும் விளையாட்டாகத்தான் பேசுவான், ஒன்றைத் தவிர. அதைப் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சேந்து விளையாடுற கேம் இப்ப எத்தனை வருது? விரல் விட்டு எண்ணிடலாம். அவங்கவங்க ரூம்ல, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, முகம் தெரியாத எவன்கிட்டயோ திட்டு வாங்கிட்டு இருக்கோம். ஒரே சோபா, ரெண்டு கன்ட்ரோலர். நான் அப்படித்தான் வளந்தேன். என் வாழ்க்கையில ஜெயிச்ச முதல் விஷயமே அப்படி ஜெயிச்சதுதான்."

அதற்குப் பிறகு அந்தக் கதை வரும். அந்தக் கதை வரும்போதெல்லாம் அக்கா போனின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

கதை இதுதான். தம்பிக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. சித்தப்பா வெளியூரிலிருந்து வரும்போது டிவியில் மாட்டி விளையாடும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். கூடவே ஒரே ஒரு கேம். பெட்டியில் எழுதியிருந்த பெயரை வாசிக்கத் தெரியாததால் வீட்டில் அதற்குக் 'கல்கோட்டை' என்று பெயர். ஒரு வீரன் கோட்டைக்குள் போக வேண்டும். கடைசியில் இரும்புக் கவசம் போட்ட, தாடி வைத்த ஒரு ராட்சசன் வருவான். அவனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இரும்புத் தாத்தா. எத்தனை வெட்டு வெட்டினாலும் தாத்தா அசைய மாட்டார். வீரனின் தலைக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் பறவை பறந்துகொண்டே இருக்கும். அது அவ்வப்போது ஒரு கல்லைப் போடும். கல் தலையில் விழுந்தால்தான் தாத்தா சாய்வார்.

வீரனை ஓட்டியது அக்கா. பறவையை ஓட்டியது தம்பி. ஒரு கோடை விடுமுறையில் சரியான நேரத்தில் கல்லைப் போட்டு, ஆறே வயதில், இரும்புத் தாத்தாவை வீழ்த்தியவன் அவன். அதனால்தான் சேனலுக்கே 'ரெண்டாம் ஆள்' என்று பெயர் வைத்தான். அறைச் சுவரில் சாம்பல் பறவையின் படம்கூட வரைந்து மாட்டியிருந்தான்.

எல்லாம் சரி. பறவையை அவன் ஓட்டவில்லை.

யாருமே ஓட்டவில்லை. அது தானாகப் பறக்கும் பறவை. கல்கோட்டை ஒரே ஒரு ஆள் விளையாடும் கேம். அன்றைக்கு அம்மா, "தம்பிக்கும் ஒரு ரிமோட் குடு, இல்லன்னா டிவிய அணைச்சிடுவேன்," என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டாள். அக்கா இரண்டாவது கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்து, அதன் ஒயரை டிவி மேஜைக்குப் பின்னால் சுருட்டிப் போட்டுவிட்டு, "அந்தப் பறவைதான் நீ," என்றாள். அவன் நம்பினான். பறவை இடது பக்கம் போனால் இவனும் இடது பக்கம் சாய்ந்தான். இவன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்ததால், பறவை எப்போது கல் போட்டாலும் இவன் அமுக்கிய நேரமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்றுதான் அக்கா நினைத்தாள். இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

வினை வந்தது ஒரு புதன்கிழமை. கல்கோட்டையைப் புதிதாகச் செய்து அடுத்த மாதம் விடப்போகிறார்கள் என்று கம்பெனி அறிவித்தது. இரும்புத் தாத்தாவின் சண்டையை மட்டும் ருசி பார்க்க டெமோவாகக் கொடுத்திருந்தார்கள். தம்பி டெமோவை இறக்கினான், இரண்டு கன்ட்ரோலர்களை இணைத்தான், பறவையை ஓட்டிப் பார்த்தான். பறவை மதிக்கவே இல்லை.

அன்று போட்ட வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பு 'பறவையைத் திருடிட்டாங்க'. அக்கா ஒரு லென்ஸைச் செதுக்கிக்கொண்டே அதைக் கேட்டாள். பாதியிலேயே மெஷினை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டாவது ஆளுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துட்டாங்க," என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். "நான் இப்பவே சொல்றேன், எழுதி வச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு அதே பறவைய தனியா விப்பாங்க. இதுதான் இன்னைக்கு இந்தத் தொழிலோட லட்சணம். நம்ம சின்ன வயசை நம்மகிட்டயே துண்டு போட்டு விக்கிறாங்க."

கீழே கருத்துகள் குவிந்தன. "அண்ணே, பழசுலயும் ஒரு ஆள்தான்." "பெட்டியிலயே ஒண்ணுன்னு போட்டிருக்கு, பாருங்க." "ரெண்டாம் ஆளுக்குக் கனவு வந்துருக்கு போல." யாரோ ஒருவர் பழைய பெட்டியின் படத்தையே போட்டிருந்தார். தம்பிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மறுநாளே இன்னொரு வீடியோ. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நேரலை. பழைய மெஷினையே கொண்டுவந்து, இரண்டாவது கன்ட்ரோலரைச் சொருகி, எல்லோர் கண் முன்னாலும் பறவையை ஓட்டிக் காட்டுவான். "என் அக்கா சாட்சி. ஓட்டிக் காட்டலன்னா அன்னைக்கே சேனலை மூடிடுறேன். இது சத்தியம்."

"பாத்தியா?" என்று போன் வந்தது.

"பாத்தேன்," என்றாள் அக்கா. "எதுக்குடா சத்தியமெல்லாம்?"

"தெரிஞ்சதுக்குத்தானே சத்தியம் பண்றேன். மெஷின் உன் வீட்டுப் பரண்லதானே இருக்கு? சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

"டேய், நான் ஒண்ணு சொல்றேன் கேளு."

"நேரலைல சொல்லு. இப்பவே சொல்லிட்டா அப்ப சுரத்தே இருக்காது," என்று வைத்துவிட்டான்.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவியின் தம்பி எந்தச் சிக்கலில் மாட்டினாலும் அவருக்கு அது விடுமுறை மாதிரி. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இருபத்தொன்பது வருஷமா? நீ போலீஸ்ல சேந்திருக்கணும். இல்ல, திருடங்க பக்கம்."

"சிரிக்காதீங்க. எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லு."

"அவன் அதையே பிடிச்சுக்கிட்டு வளந்திருக்கான். பத்தாவதுல ரெண்டு பாடம் போனப்ப, 'இரும்புத் தாத்தாவையே அடிச்சவன்டா நீ'ன்னு நான்தான் சொன்னேன். முத வேலை போனப்பவும் அதையேதான் சொன்னேன். இப்ப போய், அதெல்லாம் சும்மான்னு சொல்லவா?"

வாத்தியாரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "நீ சொல்லலன்னா அந்த மெஷின் சொல்லிடும். பன்னிரண்டாயிரம் பேருக்கு முன்னாடி சொல்லும்," என்றார்.

அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. மெஷின் தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா, இரண்டாவது கன்ட்ரோலரை மட்டும் எங்கேயாவது ஒளித்துவிடலாமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். முன்பு ஒரு பொய்க்கு ஒரு நொடிதான் ஆகியிருந்தது. இப்போது இரண்டு நாள் யோசித்தும் ஒன்று தேறவில்லை. சனிக்கிழமை அவன் வந்து கதவைத் தட்டியவுடன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவன் கதவைத் தட்டவில்லை. கதவு திறந்திருந்தது, நேராக வந்து ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிவிட்டான். வேலைக்குப் போட்டுப்போன சட்டையிலேயே வந்திருந்தான், விரலிடுக்கில் டோனர் கறுப்பு. பழைய பாய், உடைந்த மின்விசிறி எல்லாவற்றையும் ஒதுக்கி, தூசி பிடித்த அட்டைப்பெட்டியோடு இறங்கிவந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தான். வாத்தியாருக்குத் திடீரென்று கடையில் ஏதோ வாங்க வேண்டியிருந்தது, கிளம்பிப் போய்விட்டார்.

"டீ குடிச்சிட்டு அப்புறம் பாரேன்," என்றாள் அக்கா.

"பாத்துட்டுக் குடிக்கிறேன்."

மெஷினை எடுத்து ஊதினான். முதல் கன்ட்ரோலரை எடுத்தான். பொத்தான்களில் எழுத்து தேய்ந்து, பிளக்கின் முனைகள் பழுப்பேறியிருந்தன. "பாவம், எவ்வளவு உழைச்சிருக்கு," என்று தடவிக் கொடுத்தான். பிறகு இரண்டாவதை எடுத்தான். அதன் பொத்தான்கள் இன்னும் மோசமாகத் தேய்ந்திருந்தன. ஒரு பொத்தான் அமுங்கியது மேலே எழும்பவே இல்லை. அதைப் பார்த்து அவனுக்குப் பெருமையாக இருந்தது. "பாரு, உன்னைவிட நான்தான் அதிகமா அமுக்கியிருக்கேன்," என்றான்.

பிறகு வழக்கம்போல ஒயரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விரலை ஓட்டினான். பதினைந்து வருஷமாக அதுதான் அவன் பிழைப்பு. எந்த அலுவலகத்தில் எந்த மெஷின் நின்றாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, 'ஒயர் சொருகியிருக்கா?' என்பதுதான். ஆபீஸர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஒயர் முடிந்த இடத்தில் விரல் நின்றது. பிளக்கின் மேல், கம்பெனியில் மாட்டி அனுப்பிய வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

அவன் மூடியை மெல்லக் கழற்றிப் பார்த்தான். உள்ளே முனைகள் பளபளவென்று இருந்தன, ஒரு கீறல் இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மூடியைத் திரும்ப மாட்டினான். அக்காவுக்கு ஓடிப்போய் அடுப்படியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, இது ஒரு தடவைகூட சொருகல."

"ஆமாண்டா."

"ஒரு தடவைகூட?"

"அதுல ரெண்டாவது ஆளே கிடையாது. பறவை தானா பறக்கும். நீ அழுதே, அம்மா டிவிய அணைச்சிடுவேன்னாங்க. எனக்கு விளையாடணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான்." சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. "அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஜெயிச்சிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டே. எனக்கு மனசு வரல."

அவள் ஒரு திட்டையோ ஒரு கேலியையோ எதிர்பார்த்தாள். அவன் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். அவனோ எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினான், இரண்டாவது ஒயரைச் சுருட்டி வைத்தான், பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அக்கா போனாள். வர வேண்டாம் என்றால் போகாமல் இருக்க அவள் என்ன, பார்வையாளரா? ஒன்பதரை மணிக்கே அவன் வீட்டு வாசலில் நின்றாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"உள்ளதான் இருக்கார். நேத்து வந்ததிலேருந்து ஒரு வார்த்தை பேசல. வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல, எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

சின்ன அறையில் தம்பி கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தான். சுவரில் பறவைப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கேமராவில் விழாமல் மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அவன் பொத்தானை அமுக்கினான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் காத்திருந்தார்கள்.

"வணக்கம்," என்றான். வழக்கமாக அவன் அந்தச் சொல்லை அரை நிமிஷம் இழுப்பான், அன்றைக்கு இழுக்கவில்லை. "நீங்க சொன்னதுதான் சரி. பழசுலயும் ஒரு ஆள்தான். கம்பெனி எதையும் திருடல, நான் சொன்னது தப்பு. மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

இரண்டாவது கன்ட்ரோலரைத் தூக்கி, பிளக்கை கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினான்.

"இது நான் விளையாடின கன்ட்ரோலர். மூடியே கழட்டல. ஊரெல்லாம் போய் ஒயர் சொருகியிருக்கான்னு கேக்கிறவன் நான். என்னோடதை ஒரு தடவை பாத்தது கிடையாது." சிரிக்கப் பார்த்தான், அசடு வழிந்தது. "அதனால நான் ரெண்டாம் ஆளும் இல்ல, ஒண்ணாம் ஆளும் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஆள். சத்தியம் பண்ணினபடி சேனலை மூடுறேன். இவ்வளவு நாள் கேட்டதுக்கு..."

"மூட வேண்டாம்," என்றாள் அக்கா.

அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்குப் போகும் சேலையில், கழுத்தில் தொங்கும் கண்ணாடியோடு, மூவாயிரம் பேர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தே பேசினாள்.

"நேத்து பாதிதான் சொன்னேன். மீதியச் சொல்ல நீ விடல. அந்த வருஷம் உனக்கு அம்மை போட்டுச்சு, ஞாபகம் இருக்கா? பத்து நாள் உன்னைத் தனியா அந்த ரூம்ல படுக்க வச்சிருந்தாங்க. அந்தப் பத்து நாளும் நான் தனியா விளையாடினேன். ஒரு தடவைகூட தாத்தாவ அடிக்க முடியல. முப்பது தடவையாவது செத்திருப்பேன்."

"அதுக்கு?"

"நான் வாளையும் தாத்தாவையும் பாத்துட்டு இருப்பேன். பறவைய எப்பப் பாக்கிறது? நீ பறவைய மட்டும்தான் பாப்பே, அது நீன்னு நினைச்சுட்டு இருந்ததால. அது கல்லைப் போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணும்னு உனக்கு மட்டும்தான் தெரியும். 'அக்கா, போடப் போறேன், போடப் போறேன்'னு கத்துவே. கத்தின உடனே நான் தாத்தாவ அதுக்குக் கீழ இழுத்துட்டு வருவேன். அப்படித்தான் ஜெயிச்சோம். ஒயர் சொருகலதான். உன் வாய் சொருகித்தான் இருந்துச்சு."

திரையில் கருத்துகள் ஓடின. "அக்கா சொல்றது சமாளிப்பு." "நல்லாத்தான் தேத்துறாங்க." ஒருவர் மட்டும், "புது டெமோவுலயும் பறவை அப்படியேதான். அக்காவ விளையாடச் சொல்லுங்க, தெரிஞ்சுடும்," என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூறு பேர் 'ஆமாம்' போட்டார்கள்.

"குடுடா," என்றாள் அக்கா.

புது கன்ட்ரோலருக்கு ஒயரே இல்லை. பொத்தான்களும் பழையதைவிட இரண்டு மடங்கு. எது வெட்டு, எது குதி என்று தம்பி மனைவி வந்து காட்டிக் கொடுத்தாள். இரும்புத் தாத்தாவுக்கு இப்போது தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அதை அக்கா ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு குத்து விட்டார், செத்தாள். இரண்டாவது தடவை சுவரில் முட்டிக்கொண்டு செத்தாள். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அரை நிமிஷம்தான். பறவை அவள் தலைக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தது, கற்கள் எல்லாம் வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தன.

தம்பி பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது தடவை செத்தபோது அவன் கால் ஆட ஆரம்பித்தது. ஆறாவது தடவை, "பின்னாடி போயேன்," என்று முனகினான். வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுக்கு அதற்கு மேல் முடியாத காரியம், அது அவளுக்குத் தெரியும்.

ஏழாவது தடவை தொடங்கியபோது அவன் நாற்காலியை இழுத்து அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான். கண் பறவை மேல் இருந்தது. கை தானாகப் போய்ப் பழைய கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"தலையக் குனியுது பாரு," என்றான் மெதுவாக. "ரெண்டு தடவை குனியும். மூணாவது தடவைதான் போடும். வலது பக்கம் வா. இன்னும் வலது. நில்லு, இப்ப இல்ல."

அக்கா பறவையைப் பார்க்கவே இல்லை. தாத்தாவை மட்டும் பார்த்தாள். வீரனை ஓடவிட்டு, அவரை வலது பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, போடப் போறேன்," என்றான் தம்பி. முப்பத்தைந்து வயது ஆளின் குரலாகவே அது இல்லை. "போடப் போறேன், போடப் போறேன்."

எழும்பாத அந்தப் பொத்தானை அமுக்கினான். கல் விழுந்தது. இரும்புத் தாத்தா ஒரு நொடி நின்று யோசித்தார், பிறகு கவசமும் தாடியுமாக மடமடவென்று சரிந்தார்.

திரையில் கருத்துகள் யாராலும் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. தம்பி அதைப் பார்க்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பறவைப் படத்தை எடுத்துவந்து ஆணியில் மாட்டினாள்.

"கல்லை யார்டா போட்டது?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்கும் இப்படியேதான் கேட்டிருந்தாள்.

"நான்தான்," என்றான் தம்பி.

அவன் மடியிலிருந்து தொங்கிய ஒயரின் முனையில் வெள்ளை மூடி அப்படியே இருந்தது.